ஆதி குணசேகரனைப் பார்த்துச் சிரிக்கலாமா? டெல்டா வீடுகளில் ஓயாத வழக்கு!

இரவு 9.30 மணிக்கு தஞ்சாவூர், ஒரத்தநாடு, திருவையாறு பக்கம் தெருவில் நடந்தால், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரே குரல்தான். ‘ஏய்... இந்தாம்மா!’

சன் டி.வி-யின் ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் ஆரம்பித்து 2024 ஜூனில் முடிந்தது. அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. ஆனால், ஆதி குணசேகரன் எப்படிப்பட்ட ஆள் என்ற வழக்கில் திண்ணையில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

‘கோலங்கள்’ திருச்செல்வம் இயக்கிய தொடர். கதை நடப்பது மதுரையில். படித்த மருமகள்களைச் சமையல்கட்டோடு நிறுத்திவைக்கும் மூத்த அண்ணன்தான் குணசேகரன். எழுதப்பட்டது வில்லனாக. மாரிமுத்து வாயைத் திறந்ததும் ஊரே சிரித்தது, மீம்ஸ் பறந்தது. அங்கேதான் சிக்கல்.

‘தம்பிகளை ஆளாக்கினவர், குடும்பம் பிரியக் கூடாதுன்னு நினைக்கிறவர், வாய்தான் கொஞ்சம் நீளம்’ என்பது ஒரு கட்சி. சிரிப்பு வருவது நடிகரால்; அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனால் தெரியும் என்பது மறு கட்சி. முதல் கட்சியில் ஆண்கள் அதிகம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டெல்டாவில் இது வெறும் சீரியல் பேச்சு இல்லை. கதையின் மையமே அப்பத்தா பட்டம்மாளின் 40 சதவிகிதப் பங்கு. நெல் விளைகிற ஊரில் பங்கு என்றாலே காது நிமிரும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005-ல் மத்திய சட்டமும் வந்தது. ஆனாலும், ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்று சொல்லி, அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நின்றுவிடவில்லை. கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு குணசேகரன் காமெடியாகத் தெரிவாரா?

குணசேகரனைவிடச் சிக்கலான ஆள் அவரின் அம்மா விசாலாட்சி. சத்யப்ரியா நடித்த அந்தப் பாத்திரம் மகனுக்காக மருமகள்களை வதைக்கும், சில நேரம் தனியாக உட்கார்ந்து அழும். இளம் மருமகள்கள் அவரை மன்னிப்பதே இல்லை. மாமியார் வயதில் இருப்பவர்களோ, மகன் தயவில் சாப்பிடுகிறவளுக்கு வேறு என்ன வழி என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை.

2023 செப்டம்பர் 8. இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்து மாரடைப்பால் இறந்துபோனார். மேட்டூர் தண்ணீர் போதாமல் கடைமடையில் குறுவை காய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வயல் கவலைக்கு நடுவிலும் அவரைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. வில்லனுக்காக அல்ல, வீட்டு ஆள் ஒருவர் போனதுபோல.

பிறகு அந்த நாற்காலிக்கு வந்தார் வேல ராமமூர்த்தி. அதே மிரட்டல், அதே அதிகாரம். சிரிப்பு மட்டும் இல்லை. ‘குணசேகரன் இப்படி இல்லையே’ என்று முதல் கட்சி முகம் சுளித்தது. ‘அவர் எப்பவும் இப்படித்தான், உங்களுக்குத்தான் இப்போ தெரியுது’ என்றது மறு கட்சி.