ஒரு போருக்குப் பல சாட்சிகள்: வாலிகண்டபுரம் 1751

திருச்சபை வரலாற்று வகுப்புகளில் போர்களைப் பற்றிய பாடம் பெரும்பாலும் இரண்டொரு வரிகளில் முடிந்துவிடுகிறது. கருநாடகப் போர்கள் நடைபெற்றன, அவற்றின் பயனாக ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றது, அருட்பணிக்கு வழி திறந்தது என்று மாணவர் எழுதுகின்றனர். அதற்குரிய மதிப்பெண்ணும் பெறுகின்றனர். இக்கூற்றில் வெளிப்படையான பொய் எதுவும் இல்லை. ஆயினும் இதைச் சொல்பவர் எவ்விடத்தில் நின்று சொல்லுகிறார் என்னும் வினாவை மாணவர் எழுப்புவதில்லை. நாமும் எழுப்பக் கற்றுக்கொடுப்பதில்லை. ஒரே போரை அதில் உட்பட்ட பலருடைய நிலையிலிருந்து கற்பிக்கும் முறை ஒன்றை, நம் ஊர்ப்பகுதியின் எடுத்துக்காட்டைக் கொண்டே இங்கு விளக்க முற்படுகிறோம்.

பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை அடுத்து ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் படிப்படியாக உயரும் மதில்களும் உடைய இக்கோட்டையைப் பேருந்திலிருந்து பார்த்தவர் பலர். இறங்கிச் சென்றவர் சிலர். பழைய ஆங்கில நூல்களில் ‘வால்கொண்டா’ என்று குறிக்கப்படுவது, அருகிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரால் வழங்கிய இக்கோட்டையே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1751ஆம் ஆண்டு இங்கு ஒரு போர் நடந்தது.

நிகழ்ச்சியைச் சுருங்கக் கூறுவோம். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மாண்டபின், ஆர்க்காட்டுப் பதவிக்கு அவர் மகன் முகமது அலியும், பிரெஞ்சுக்காரர் துணைபெற்ற சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முகமது அலி திருச்சிராப்பள்ளியில் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு உதவியாகக் கேப்டன் ஜின்ஜென்ஸ் என்பவரின் தலைமையில் ஆங்கிலக் கம்பெனிப் படை ஒன்று புறப்பட்டு, விருத்தாசலத்தைப் பிடித்துக்கொண்டு வாலிகண்டபுரம் வந்து சேர்ந்தது. சந்தா சாகிபின் படையும் அணுகியது. கோட்டையின் தலைவனோ இருவரில் எவருக்கும் கதவைத் திறக்காமல் இருவரோடும் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பொறுமையிழந்த கம்பெனிப் படையினர் கோட்டையைத் தாக்கினர். வெளிப்புறத்துப் பேட்டைக்குள் நுழைந்தும் மேற்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. தலைவன் மறுதரப்பை உதவிக்கு அழைத்தான். அடுத்து நடந்த சண்டையில் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர் கலங்கி ஓடினர். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. மறு ஆண்டு, 1752இல், அதே இடத்தில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் ராபர்ட் கிளைவிடம் சரணடைந்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இனிச் சாட்சிகளை ஒவ்வொருவராக அழைப்போம்.

முதற்சாட்சி இராபர்ட் ஓர்ம். திருவிதாங்கூர்க் கரையிலுள்ள அஞ்சுதெங்கில் பிறந்தவர், கம்பெனி ஊழியர், பிற்காலத்தில் கம்பெனியின் போர்களைப் பற்றிய பெருநூலை எழுதி, அதன் முதற்பகுதியை 1763இல் வெளியிட்டவர். நம் பாடநூல்களில் வழங்கும் போர்க்கதை பெரும்பாலும் இவருடைய நூலிலிருந்தே வழிவழியாக வந்தது. இவர் வாலிகண்டபுரத்தில் இருந்தவரல்லர்; அக்காலத்தில் வங்காளத்தில் பணியாற்றினார். கிளைவின் நண்பர். கிளைவோ உணவுப்பொருள் வழங்கும் அலுவலராக அக்களத்திலேயே இருந்தார். எனவே, ஓடிய படையைத் திருப்ப அதிகாரிகள் எவ்வளவோ முயன்றும் பயனில்லாமற் போயிற்று என்று இவ்வழிவந்த நூல்கள் கூறுமிடத்தில், அச்செய்தி யார் வாயிலிருந்து புறப்பட்டிருக்கக்கூடும் என்று மாணவர் சிந்திக்கலாம். ஆயினும் ஓர்மின் நேர்மையையும் மறுத்தல் தகாது. தம்மவர் ஓட்டத்தை அவர் மூடி மறைக்கவில்லை. தமக்கு விரோதமான செய்தியை ஒரு சாட்சி தானே ஒப்புக்கொள்ளும்போது அதற்கு எடை மிகுதி என்பது நீதிமன்றத்திலும் வரலாற்றிலும் ஒன்றே.

இரண்டாம் சாட்சி நம் மொழியில் பேசுகிறார். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். இடையிடையே விடுபட்ட நாட்களும் உண்டு. அவர் போர்வீரரல்லர், வணிகர். சண்டையின் செய்தி அவரிடம் கடிதமாகவும் வதந்தியாகவும் வந்து சேர்கிறது. அதனால் சரக்கும் குத்தகையும் என்னவாகும், துரையின் முகம் இன்று எவ்வாறிருக்கிறது, துரையின் மனைவி என்ன சூழ்ச்சி செய்கிறார் என்பவையே அவர் கவலைகள். கம்பெனியின் ஏடுகளில் காணாத ஒரு பக்கம் இது: அரசியலுக்கு அருகே நின்றும் அதில் அதிகாரமில்லாத ஒரு தமிழரின் மனநிலை. அச்சிடும் நோக்கமின்றி எழுதப்பட்டது என்பதால் இதனை முழுதும் நம்பிவிடலாம் என்று சில மாணவர் முடிவு செய்வர். அம்முடிவு தவறு. தமக்கென்று எழுதுகிறவரும் தம்மை நியாயப்படுத்திக்கொள்வர்.

மூன்றாவது, நவாபின் அரண்மனைச் சாட்சி. முகமது அலி தம் ஆட்சியின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதுமாறு பணித்ததன்பேரில் புர்கான் இபின் ஹசன் என்பவர் ‘துசுக்கே வாலாஜாஹி’ என்னும் நூலை எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது உசேன் நயினார் அதனை 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஓர்மின் நூலில் முகமது அலி ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருப்பவர். இந்நூலிலோ அவரே நாயகர், ஆங்கிலேயர் அவருடைய துணைவர். துய்ப்ளேக்ஸ் 1754இல் திருப்பியழைக்கப்பட்டபின் தம் செயலை நியாயப்படுத்தித் தாய்நாட்டில் வெளியிட்ட விளக்கம் வேறொரு கதை. வகுப்பில் நேரம் குறைவாயின் அதை விட்டுவிடலாம்.

தேதியைப் பற்றி ஒரு சொல். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையே வழங்கினர். அது பிரெஞ்சுக்காரரின் நாட்காட்டிக்கு 11 நாள் பின்தங்கியது. ஆதலால் 1751இல் ஒரே சண்டைக்கு இரு தரப்பாரும் இருவேறு தேதி எழுதினர். தமிழருக்கோ அது பிரசோற்பத்தி ஆண்டு. ஆவணங்களின் தேதிகள் முரண்படுவதைக் கண்டவுடன் ஒருவர் பொய்யுரைத்தார் என்று தீர்ப்பளிக்கும் மாணவருக்கு இது நல்ல மருந்து. முரண்பாடுகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. சில நாட்காட்டியால் வருவன, சில நின்ற இடத்தால் வருவன, சில நலனால் வருவன, சில பொய்யே.

எழுதாதவர்களையும் வகுப்பிற்கு அழைக்க வேண்டும். இம்முறையில் மிகக் கடினமான பகுதியும், நாம் மிக விரும்பும் பகுதியும் இதுவே. கம்பெனிப் படையில் ஆப்பிரிக்க வீரர் ஏறத்தாழ நூறு பேர் இருந்தனர். ஐரோப்பியர் ஓடியபின்னும் அவர்கள் களத்தில் நின்று, மாண்டோரையும் காயமுற்றோரையும் எடுத்துவந்தனர் என்று ஆங்கிலேயரின் நூல்களே கூறுகின்றன. அவர்களுள் ஒருவர் பெயர்கூட அந்நூல்களில் இல்லை. தளபதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவரிடம் இதைச் சொன்னால் வகுப்பு சிறிது நேரம் அமைதியாகிவிடும். பேட்டையில் குடியிருந்த நெசவாளரும் உழவரும் கடைக்காரரும் அன்றிரவு எங்கே ஓடினர்? அவர்களுக்காக மாணவர் கற்பனையில் ஒரு நாட்குறிப்பு எழுதலாமா என்று ஆசிரியர் சிலர் கேட்பர். வேண்டாம் என்பதே நம் கருத்து. இல்லாத சாட்சிக்கு நாம் வாயாகப் பேசினால், கேட்பது நம் குரலே. ஏட்டில் இடம் வெறுமையாயிருக்கிறது என்பதை அவர்கள் காணட்டும். அது யாரால், எக்காரணத்தால் வெறுமையாயிற்று என்று எழுதட்டும்.

அரியலூர்ப் பக்கம் திரும்பினால் இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. அரியலூரை மழவராயரும் உடையார்பாளையத்தைக் காலாட்கள் தோழ உடையாரும் ஆண்டுவந்தனர். நவாபின் கணக்கில் இவர்கள் பேஷ்கஷ் செலுத்தத் தவறியவர்கள். 1765 ஜனவரியில் நவாபின் மகன் உம்தத்துல் உமராவும் ஆங்கிலத் தளபதி காம்பெல்லும் படையுடன் வந்து இரு பாளையங்களையும் கைப்பற்றினர். பாளையக்காரர் தம்மவருடன் தரங்கம்பாடிக்கு ஓடினர். அரசாங்க ஏட்டில் இது கலகத்தை அடக்கிய செய்தி. பாளையத்தார் நோக்கில் தலைமுறை தலைமுறையாக ஆண்ட மண்ணின் இழப்பு. நம் மாணவர் தரங்கம்பாடி என்றதும் சீகன்பால்குவையும் 1706ஐயும் அச்சகத்தையும் நினைப்பர். அதே கடற்கரை நகரம் அகதிகளின் புகலிடமாகவும் இருந்தது என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

நம் சபையின் சொந்தச் சாட்சியும் விசாரணைக்கு விலக்கல்ல. சுவார்ட்ஸ் ஐயர் இந்நாட்டில் வந்திறங்கியது 1750இல், அதாவது வாலிகண்டபுரச் சண்டைக்கு முந்திய ஆண்டில். 1762இல் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, பின்னர் கம்பெனிப் படையின் குருவாகச் சம்பளமும் பெற்றார். 1779இல் சென்னை ஆளுநரின் தூதராகச் சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அலியைக் கண்டார். நம் நூல்களில் இது சமாதானத் தூது. ஆனால் ஐதரின் பாதுகாப்பிலிருந்த மாஹேயைக் கம்பெனி கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். அங்கிருந்து பார்த்தால் அத்தூது எப்படித் தோன்றியிருக்கும்? மறு ஆண்டு போர் மூண்டது. பஞ்சத்தில் தஞ்சையில் பட்டினி கிடந்தோருக்குச் சுவார்ட்ஸ் தானியம் சேகரித்து உதவினார். அதை எவரும் மறுக்கவில்லை. ஐதரும் அவரை நல்ல மனிதராகவே மதித்தார். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருப்பதை ஏற்கக் கற்றுக்கொள்வது, அவரைத் தூயவராக மட்டும் போற்றுவதைவிடக் கடினம்.

இவ்வாறெல்லாம் கற்பித்தால் உண்மையே இல்லை என்னும் முடிவுக்கு மாணவர் வந்துவிடமாட்டார்களா என்று அன்பர் சிலர் அஞ்சுகின்றனர். அச்சத்திற்கு விடை திருமறையிலேயே உண்டு. சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்ததை 2 இராஜாக்கள், 2 நாளாகமம், ஏசாயா ஆகிய மூன்று நூல்களும் கூறுகின்றன. எசேக்கியா கப்பம் கட்டினான் என்பதை 2 இராஜாக்கள் 18:14-16 மட்டுமே ஒளிக்காமல் கூறுகிறது. அசீரிய அரசனின் கல்வெட்டோ, தான் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகப் பெருமை பேசுகிறது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் சொல்லவில்லை. பொன் 30 தாலந்து என்பதில் இரு தரப்பாரும் ஒத்துப்போகின்றனர். வெள்ளி 300 என்கிறது திருமறை. 800 என்கிறது கல்வெட்டு. பகைவர் இருவர் ஒத்துரைப்பது எது, ஒருவர் மௌனமாயிருப்பது எங்கே என்று தேடும்போது நிகழ்ச்சி கரைந்துபோகவில்லை, தெளிவாகிறது. லாகீஸ் நகரத்தார் சிறைப்பட்டுச் செல்வதை அசீரியர் தம் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தனர். அந்த மக்களின் சொல் ஒன்றும் அங்கு இல்லை. அவர்கள் தோளிலிருந்த மூட்டை இருக்கிறது.

செய்முறையில் ஓராண்டுக்கு ஒரு போர் போதுமானது. ஐந்தாறு மாணவர் அடங்கிய குழு ஒவ்வொன்றும் ஒரு சாட்சியை மட்டும் இரண்டு வாரம் படிக்க வேண்டும், பிறவற்றைப் பார்க்கலாகாது. சாட்சி எதைக் கண்டார், எதைக் கேட்டறிந்தார், யாருக்காக எழுதினார், வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் எதை இழந்திருப்பார் என்னும் நான்கு வினாக்களுக்கு விடையெழுதியபின் குழுக்கள் ஒன்றுகூடலாம். வழக்காடுவது போலப் பட்டிமன்றம் வைப்பது நன்றன்று. வெற்றி தோல்வியில் நோக்கம் சிதறிவிடும். கூட்டத்தை ரஞ்சன்குடியிலேயே வைத்தால் மிகவும் நன்று. பேட்டைக்கும் மேற்கோட்டைக்கும் இடையேயுள்ள உயரத்தை நடந்து ஏறியவர், அத்தாக்குதல் ஏன் தோற்றது என்பதைக் காலாலேயே அறிவர்.

கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983இல் மூண்டு 2009 மே மாதம் முடிந்த போரை உடலிலும் குடும்பத்திலும் தாங்கிவந்தவர்கள் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆயராகப் போகும் மாணவர், ஓர்மையும் ஆனந்தரங்கரையும் படித்தபின்னரே அங்கு செல்லட்டும். கேள்வித்தாளோடு போக வேண்டாம். பேச விரும்பாதவரைப் பேசவைக்க வேண்டாம். ஒரு மூதாட்டி ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மாற்றிச் சொன்னால் அங்கேயே திருத்தாமல், அவர் சொன்னபடியே மனத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும். ஒப்புநோக்கும் வேலையைக் கல்லூரிக்குத் திரும்பியபின் செய்யலாம்.