போனில் 4 லோடு ஆப், ஆனாலும் ரிட்டர்ன் லோடு இல்லை: ஒற்றை லாரி ஓனர் எந்த ஆப்புக்குப் பணம் கட்டலாம்?

மும்பை பக்கம் பிவண்டியில், ஒரு குடோன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் போன் செய்தபோது இரவு 9 மணி. பெரியப்பா மகன். நாமக்கல்லில் சொந்தமாக ஒரே ஒரு 12 சக்கர லாரி. ஓனரும் அவர்தான், பாதி நாள் டிரைவரும் அவர்தான். சரக்கை இறக்கி இரண்டு நாள் ஆகியும் ஊர் திரும்ப சரியான லோடு அமையவில்லை.

"நாலு ஆப்புல நானூறு லோடு காட்டுது கண்ணு. கூப்பிட்டா ஒண்ணு 'லோடு போயிருச்சு'ங்கிறான், இல்லாட்டி வாடகையக் கொறச்சுச் சொல்றான். இதுல ஒரு ஆப்பு, 999 ரூபா கட்டுனா மூணு மாசத்துக்கு எல்லா நம்பரும் காட்டுவேங்குது. கட்டட்டுமா?"

நான் டெஸ்க்கில் டெக் செய்திகள் எழுதுகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். பதில் எனக்கும் தெரியாது. அன்று இரவு இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை.

லோடு ஆப்... புதுசா?

ஐடியா பழையது. 1978-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில், ஜூபிட்ஸ் என்ற லாரி நிறுத்தத்தில் 'டயல் எ ட்ரக்' என்ற பெயரில் திரையில் லோடு விவரம் காட்ட ஆரம்பித்தார்கள். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே எந்த ஊருக்கு என்ன சரக்கு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுதான் இன்று 'டாட்' என்ற பெரிய லோடு போர்டு. அங்கே ஒற்றை லாரி ஓனர்கள் மாதச் சந்தா கட்டித்தான் அதைப் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் அந்த வேலையை லாரி புக்கிங் ஆபீஸ்களும் புரோக்கர்களும் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். பிளாக்பக், வாஹக் போன்ற ஆப்கள் வந்த பிறகு அதே லோடு விவரம் போனுக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் டவுன்லோடு செய்ய காசு கேட்பதில்லை. அப்படியென்றால் ஆப் கம்பெனி எதில் சம்பாதிக்கிறது?

சில ஆப்கள் சந்தா வாங்கும், சில ஒவ்வொரு லோடுக்கும் கமிஷன் எடுக்கும். இன்னொரு வழியும் உண்டு, அது சட்டென்று கண்ணில் படாது. பிளாக்பக்கை நடத்தும் ஜிங்கா லாஜிஸ்டிக்ஸ் 2024 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி லோடு பிடித்துக் கொடுப்பதில் வருவதல்ல. ஃபாஸ்டேக் ரீசார்ஜ், டீசல் கார்டு கமிஷன், ஜிபிஎஸ் சந்தா ஆகியவற்றில் வருவது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் லோடு தேடி உள்ளே போகும் உங்களுக்கு ஃபாஸ்டேக்கும் ஜிபிஎஸ்ஸும் சேர்த்து விற்கப்படும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரே ஃபாஸ்டேக் என்ற விதி 2024-ல் அமலுக்கு வந்துவிட்டது. ஒரு ஆப் கொடுத்த டேக்கை ஒட்டினால் பழைய டேக் செல்லாது. அதில் மிச்சமிருக்கும் பேலன்ஸைத் திரும்ப வாங்க நீங்கள்தான் அலைய வேண்டும். லோடுக்காக ஆப் மாற்றுவது ஈஸி, டேக் மாற்றுவது அப்படி இல்லை. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

முதலில் வண்டியின் கணக்கு

அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "ஒரு கிலோமீட்டருக்கு உனக்கு என்ன செலவு?" அவருக்கு ஒரு நடைக்கு என்ன மிச்சம் என்று தெரியும். கிலோமீட்டர் கணக்கு தெரியாது. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் எல்லாமே மைல் கணக்குதான். அங்குள்ள போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனமான ஏடிஆர்ஐ, 2024-ல் ஒரு லாரியை ஒரு மைல் ஓட்ட 2.26 டாலர் செலவானதாகக் கணக்கிட்டது. அந்த எண் கையில் இருந்தால் எந்த லோடையும் ஒரு நிமிஷத்தில் எடை போடலாம்.

அண்ணன் வண்டிக்கு இப்படி வந்தது (உங்கள் வண்டிக்கு மாறும், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்):

இஎம்ஐ, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், நேஷனல் பர்மிட், எஃப்சி எல்லாம் சேர்த்து மாதம் 78,000 ரூபாய். இன்சூரன்ஸில் தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டுமே, 20 முதல் 40 டன் வரையிலான வண்டிகளுக்கு 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஆண்டுக்கு 43,950 ரூபாய். 78,000-ஐ 30 நாளால் வகுத்தால் 2,600. வண்டி ஓடினாலும் நின்றாலும் விடிந்தால் 2,600 ரூபாய் போகும்.

ஓட்டினால் தனிச் செலவு. டீசல் லிட்டர் 92 ரூபாய், லோடோடு 3.5 கி.மீ. மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 26 ரூபாய். டோல் 6, டயர் மற்றும் சர்வீஸ் 4, டிரைவர் படி 4. மொத்தம் 40 ரூபாய். காலி வண்டிக்கு மைலேஜ் 5 கிடைத்தாலும் 32 ரூபாய் ஆகிறது. டோல்கேட்டில் 'வண்டி காலியாத்தான் போகுதுங்க' என்று சொன்னால் யாரும் குறைத்துக்கொள்வதில்லை!

80,000 பெரிசா, 70,000 பெரிசா?

அன்று இரவு அவர் முன்னால் இரண்டு வாய்ப்புகள் இருந்தன.

ஒன்று, பிவண்டியிலேயே ஒரு புரோக்கர். மறுநாள் லோடிங், சேலத்தில் இறக்க வேண்டும், வாடகை 70,000, கமிஷன் 2,000. இன்னொன்று ஆப்பில் பார்த்தது. நாசிக் பக்கம் பிம்பள்காவ் மண்டியிலிருந்து வெங்காயம், அதுவும் சேலத்துக்குத்தான். வாடகை 80,000, கமிஷன் இல்லை. ஆனால் மண்டிக்கு 165 கி.மீ. காலியாகப் போக வேண்டும். அங்கே வரிசையில் நின்று லோடு ஏற்ற, போகும் நேரத்தையும் சேர்த்து மூன்று நாள் ஆகும்.

"பத்தாயிரம் அதிகம் வருதே" என்றார் அண்ணன். முதல் பார்வைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிவண்டி லோடு: 70,000-ல் கமிஷன் போக 68,000. சேலம் வரை 1,200 கி.மீ., கிலோமீட்டருக்கு 40 வீதம் 48,000. மிச்சம் 20,000. லோடிங் ஒரு நாள், ஓட்டம் நாலு நாள், ஆக ஐந்து நாளுக்கு 13,000 கழித்தால் கையில் 7,000.

வெங்காய லோடு: காலி ஓட்டம் 165 கி.மீ.-க்கு 5,280. லோடோடு 1,250 கி.மீ.-க்கு 50,000. 80,000-ல் இவை போக 24,720. மொத்தம் ஏழு நாள், அதற்கு 18,200. கையில் 6,520.

பத்தாயிரம் ரூபாய் கூடுதல் வாடகை, ஆனால் 480 ரூபாய் குறைவான லாபம், அதற்கு மேல் இரண்டு நாள் தாமதம். அந்த இரண்டு நாளில் அவர் அடுத்த லோடுக்கு ஊரில் வண்டியை நிறுத்தியிருக்கலாம்.

இப்போது அந்த 999 ரூபாய்க்கு வருவோம். மாதம் 333 ரூபாய். மாதத்துக்கு 7,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு இது கிலோமீட்டருக்கு 5 பைசாகூட இல்லை. மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாள் காத்திருப்பை மிச்சப்படுத்தினால் போதும், போட்ட காசு இரண்டரை மடங்காகத் திரும்பிவிடும். கமிஷன் அப்படியில்லை. மாதம் மூன்று ரிட்டர்ன் லோடுக்கு 2,000 வீதம் 6,000 ரூபாய். ஒருமுறை 165 கி.மீ. காலியாக ஓட்டினாலே ஐந்து சந்தா காசு போய்விடுகிறது. அதனால் சந்தா விலையை வைத்து ஆப்பைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் ரூட்டில், நீங்கள் சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உண்மையான லோடு அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு ஆப்பிலும் எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், அதில் எத்தனை லோடு நிஜமாகவே இருந்தது, காட்டிய வாடகைக்கும் பேசிய வாடகைக்கும் எவ்வளவு வித்தியாசம், அட்வான்ஸ் எவ்வளவு, பேலன்ஸ் எத்தனை நாளில் வந்தது. ஒரு மாதம் எழுதினால் எது வெத்து ஆப் என்று தெரிந்துவிடும். ஆப்பில் 'லட்சம் லோடு' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே லோடை ஐந்து புரோக்கர்கள் ஐந்து முறை போடுவது சகஜம். சரக்கு ஓனரிடமிருந்து உங்களுக்கு வருவதற்குள் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழிந்திருக்கும். போனில் முதல் கேள்வியே 'நீங்க பார்ட்டியா, ட்ரான்ஸ்போர்ட்டா, புரோக்கரா?' என்று இருக்கட்டும்.

சோதனை முடியும் வரை ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் சரி. வெங்காய சீசனில் நன்றாக லோடு கொடுத்த ஆப், சீசன் முடிந்தால் காய்ந்துவிடலாம். அண்ணன் தனக்கு வைத்த உச்சவரம்பு, எல்லா ஆப்புக்கும் சேர்த்து மாதம் 1,000 ரூபாய். புரோக்கர் நம்பர்களையும் அழிக்கவில்லை. பத்து வருஷமாகப் பழகிய புரோக்கர், நடுரோட்டில் வண்டி பிரேக்டவுன் ஆனால் போனை எடுப்பார். ஆப்பின் கஸ்டமர் கேரில் அதை எதிர்பார்க்க முடியாது என்பது என் கருத்து.

பேலன்ஸ் என்னும் தலைவலி

80,000 வாடகையில் 80 சதவீதம் அட்வான்ஸ் என்றால் 16,000 பாக்கி. சரக்கு இறக்கி, கையெழுத்து வாங்கிய எல்ஆர் காப்பி போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வரும். ஒரு மாதம் இழுத்தடிக்கிறவர்களும் உண்டு. நாலு லோடில் இப்படி நின்றால் 64,000. கிட்டத்தட்ட ஒரு இஎம்ஐ. அதை அடைக்க வெளியில் வட்டிக்கு வாங்கினால், அந்த வட்டியும் லோடு தேடிய செலவில் சேர்ந்ததுதான். அதனால் இரண்டு ஆயிரம் குறைந்தாலும் பேலன்ஸை மூன்றே நாளில் தருகிறவர் பல நேரம் மேல்.

ஹால்டிங் சார்ஜ், ஏற்று-இறக்கு கூலி யார் தலையில், சரக்கு குறைந்தால் எப்படிப் பிடிப்பார்கள், இதெல்லாம் லோடு ஏற்றும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும். வாயால் பேசியது டெலிவரி அன்று யாருக்கும் நினைவிருக்காது. ஆண்டு முழுக்க 10 வண்டிக்கு மேல் இல்லாதவர், பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை. இது தெரியாமல் விடுபவர்கள் அதிகம்.

இ-வே பில்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் 200 கி.மீ.-க்கு ஒரு நாள் என்பதுதான் அதன் ஆயுள். வழியில் வண்டி நின்று பில் காலாவதியானால், மாட்டுவது டிரைவர்.

இப்படிக் கேட்டால் உஷார்

'கேட் பாஸ் போட 1,500 அனுப்புங்க, லோடு கன்ஃபர்ம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே கட் செய்யுங்கள். லோடு கொடுக்கிறவர்தான் உங்களுக்கு அட்வான்ஸ் தர வேண்டும். ஆர்சி, லைசென்ஸ் போட்டோவை விசாரிக்காமல் அனுப்பினால், உங்கள் வண்டி நம்பரில் வேறு யாரோ சரக்கைத் தூக்கிக்கொண்டு போகலாம். புது ட்ரான்ஸ்போர்ட் என்றால் ஜிஎஸ்டி நம்பர் கேளுங்கள். 2007-ம் ஆண்டின் சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் புக்கிங் ஏஜென்ட், புரோக்கர்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பதிவு எண்ணையும் கேட்கலாம். கோபப்பட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

அண்ணன் அன்று இரவு 999 கட்டவில்லை. பிவண்டி லோடையே ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பிறகு ஒரு மாதம் நோட்டு எழுதினார். பணம் கேட்ட அந்த ஆப்பில் 23 போன், கிடைத்தது ஒரு லோடு. இன்னொன்றில் 9 போன், 2 லோடு. இரண்டாவதுக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருக்கிறார். மற்ற இரண்டையும் போனிலிருந்து அழித்துவிட்டார்.