பழைய மோட்டார் வண்டியின் நீர்த்தாங்கி

போர்ட் கம்பனியார் 1908 முதல் 1927 வரை ஆக்கிய ‘ரி’ மாதிரி மோட்டார் வண்டிகளில், தொடக்கத்தில் வந்த சில நீங்கலாக, நீரை உந்தும் பம்பி இல்லை. எஞ்சினிற் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழுந்து இறேடியேற்றரின் மேல்தாங்கியை அடையும். குழாய்வழியே குளிர்ந்து கீழ்த்தாங்கிக்கு இறங்கி மீண்டும் எஞ்சினைச் சேரும். மேல்தாங்கியின் நீர்மட்டம் வெந்நீர் புகும் வாயிலுக்குக் கீழே தாழுமாயின் இவ்வோட்டம் அறுபடும். ஆதலின், ஊசித்துளையளவான ஒழுக்கும், கவனியாது விடின், எஞ்சினுக்குக் கேடு விளைக்கும்.

இத்தாங்கிகள் பித்தளைத் தகட்டாலானவை. பற்றாசு எனப்படும் ஈயக்கலவையால் இணைக்கப்பட்டவை. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். பித்தளை உருகுவதற்கோ ஏறத்தாழ 900 பாகை வேண்டும். ஆகவே, தகடு கெடாமல் இணைப்பைக் கழற்றலாம். ஆயினும், சூடு பரவின் அயற்குழாய்களின் பற்றும் இளகும். அவற்றை ஈரத்துணியாற் போர்த்தல் நன்று.

பொருத்து மட்டும் விட்டிருப்பின், களிம்பைச் சுரண்டி, நாகக் குளோரைட்டுக் கரைசல் பூசி, மீளப் பற்றுவைத்தல் போதும். பின்னர் அக்கரைசலைக் கழுவாதுவிடின் அதுவே உலோகத்தை அரிக்கும். தகடே அரிப்புண்டு மெலிந்திருப்பின் ஒட்டு நிலையாது; அதே அளவிற் புதிய பித்தளைத் தாங்கி செய்வித்தலே முறை. இறுதியாக, நீரில் அமிழ்த்திச் சிறிது காற்றூதிக் குமிழி எழாமை காண்க.

இக்கால வண்டிகள் பலவற்றில் பிளாத்திக்குத் தாங்கிகள் அலுமினியத்தோடு மடித்து இறுக்கப்பட்டுள்ளன. அவை வெடிப்பின் பற்றுவைத்தல் இயலாது. எளிதிற் கழலும் பற்றே பழைய தாங்கியை இன்றும் வாழ்விக்கின்றது.