விரதம் இருந்து மலை ஏறலாமா?



கோடை விடுமுறை வந்தால் நமக்கு என்ன வேலை? வடாம் போடுவது, மிளகாய்த்தூள் அரைப்பது, பிள்ளைகளை அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது. இதெல்லாம் போக, போளூரில் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் இரண்டு கோடையாக இன்னொரு வேலையும் செய்தோம். பர்வதமலை ஏறினோம். முதல் தடவை பாதியிலேயே திரும்பி வந்தோம். அதில் என் தவறும் இருந்தது. அதை மறைக்காமல் எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

பர்வதமலை எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. சுமார் 4,560 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும் இருக்கிறார்கள். தென்மகாதேவமங்கலம் பக்கமும் ஏறலாம், கடலாடி பக்கமும் ஏறலாம். முதலில் படிக்கட்டு, அப்புறம் கல்லும் முள்ளுமாகக் காட்டுப் பாதை, கடைசியில் கடப்பாறைப் படை. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இந்த மலையைத் தூரத்தில் பார்த்துப் பார்த்தே பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளும் ஏறியதில்லை.

2023 மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு. மாடி வீட்டு அக்காதான் ஆரம்பித்தார். "வா, ஒரு திங்கட்கிழமை போயிட்டு வந்துடலாம். இனிமே எப்ப ஏறப் போறோம்?" என்றார். அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. நாலு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். எதிர் வீட்டுக்காரம்மா, தையல் கடை வைத்திருக்கும் தங்கச்சி, பால்வாடியில் வேலை செய்யும் ஒருவர், நான் என்று ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம்.

திங்கட்கிழமை சிவனுக்கு உகந்த நாள் என்பதால், "காலையில ஒண்ணும் சாப்பிடாம ஏறி, சாமி பார்த்துட்டுதான் சாப்பிடணும்" என்று எல்லாருக்கும் சொன்னவள் நான்தான். எல்லாரும் சரி என்றார்கள். அக்காவும் சரி என்றார். அவர் மாத்திரை போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

மகளிருக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் போனால் காசு மிச்சம் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வீட்டு வேலை முடித்து, பஸ் பிடித்து, அடிவாரம் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் இருந்தது. எல்லாரும் புடவை, வெறுங்கால்.

படிக்கட்டு முடிவதற்குள்ளேயே பாதித் தண்ணீர் காலி. காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் போனதும், பின்னால் வந்த அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "கை நடுங்குது" என்றார். முகமெல்லாம் குப்பென்று வியர்த்து, தொட்டால் ஜில்லென்று இருந்தது. "என்னக்கா பண்ணுது?" என்று கேட்டால், சம்பந்தமே இல்லாமல், "பாலுக்கு உறை ஊத்தினேனா?" என்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "அக்கா, மாத்திரை போட்டீங்களா?" என்றேன். "போட்டேனே" என்றார். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் மலை ஏறியிருக்கிறார்.

நல்ல வேளை, தையல் கடைத் தங்கச்சியின் பையில் அர்ச்சனைக்கு வாங்கிய கல்கண்டும் வாழைப்பழமும் இருந்தன. "சாமிக்கு வாங்கினதாச்சே" என்று ஒரு நிமிஷம் அவள் தயங்கினாள். எதிர் வீட்டுக்காரம்மா பையைப் பிடுங்கி, கல்கண்டை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து அக்காவுக்குக் கொடுத்தார். கால் மணி நேரம் போன பிறகுதான் அக்காவுக்குத் தெளிவு வந்தது. பழத்தையும் சாப்பிட வைத்தோம். மேலே பார்த்தோம். உச்சி பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது. "நீங்க போங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார் அக்கா. யாரும் போகவில்லை. கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தோம். இறங்க மூணு மணி நேரம் ஆனது.

மறுநாள் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார். சர்க்கரைக்குப் போடும் மாத்திரைகளில் சில, சாப்பிடாமல் போட்டால் ரத்தத்தில் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடுமாம். அதோடு உடம்பு உழைப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இறங்குமாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறுவது எல்லாம் அதற்கு அடையாளம். உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். "நேத்து அந்தக் கல்கண்டு இல்லன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் சும்மா விடுவார்களா? "பொம்பளைங்க அஞ்சு பேர் தனியா மலைக்குப் போவாங்களா?" என்று வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய், "நான் சொன்ன விரதத்தாலதான் இப்படி ஆச்சு. மன்னிச்சுக்குங்க அக்கா" என்று அழுதேன். "எனக்கு மட்டும் புத்தி எங்க போச்சு? மாத்திரை சாப்பிடறவ நான்தானே" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். அதன் பிறகு பல மாதம் மலைப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மறுபடி எடுத்ததும் அக்காதான். 2024 தை மாதம், மாடிப்படியில் நின்றுகொண்டு, "இந்தக் கோடைக்கு ஏறணும். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். சாப்பிட்டுட்டு ஏறலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். மாத்திரையை அன்றைக்கு எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்றும் எழுதி வாங்கி வந்திருந்தார்.

இந்தத் தடவை ஒழுங்காகத் தயாரானோம். என் நாத்தனார் மகள் காலேஜில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவள். காட்டுப் பாதை, மண் மேடு, மலைச் சரிவு என்று ஓடுவதைத் தனி விளையாட்டாகவே வைத்திருக்கிறார்களாம். 'டிரெயில் ரன்னிங்' என்று பெயர் சொன்னாள். அவள்தான் எங்களுக்கு வாத்தியார். எங்கள் ஊரிலேயே சம்பத்கிரி மலை இருக்கிறது, மேலே நரசிம்மர் கோயில். வாரத்தில் மூணு நாள் விடியற்காலையில் அந்தப் படிகளில் ஏறி இறங்கினோம். "பேசிக்கிட்டே ஏற முடியணும் அத்தை. பேச்சு வரலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்பாள். நாங்கள் பேசாமல் இருந்தால்தானே! நல்ல ஓட்டக்காரர்கள்கூட செங்குத்தான மேட்டில் ஓடாமல், சின்னச் சின்ன அடி வைத்து நடந்துதான் ஏறுவார்களாம். இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம் என்று, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கம்பு ஊன்றி இறங்கவும் பழக்கினாள். நாலு மாதத்தில் எனக்கு இடுப்பு வலி போயே போச்சு.

தெருவில் கேலி இல்லாமல் இல்லை. "எவரெஸ்ட் ஏறப் போறாங்கப்பா" என்றார்கள். பத்தாவது படிக்கும் என் மகள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபெய். 1975 மே 16-ஆம் தேதி ஏறியபோது அவருக்குச் சின்னக் குழந்தை ஒன்று இருந்ததாம். 'வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்' என்று அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். பணம் போதாமல், பழைய கார் சீட் உறையை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டார்களாம். நம் தமிழ்நாட்டிலிருந்து முத்தமிழ்ச்செல்வி என்பவர் 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். அவரும் பிள்ளை பெற்றவர்தான். "நீ பர்வதமலைகூட ஏறக் கூடாதாம்மா?" என்றாள்.

இன்னொன்றும் அவள்தான் காட்டினாள். அவளுடைய தமிழ்ப் பாடப் புத்தகத்தில் மலைபடுகடாம் வருகிறது. பெருங்கௌசிகனார் என்ற புலவர், நன்னன் என்ற அரசனைப் பற்றிப் பாடியது. அதில் வரும் நவிரமலை எங்கள் பர்வதமலைதான் என்கிறார்கள். மலை வழியாகப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. வழியில் எந்த ஊரில் யார் வீட்டில் தினைச்சோறு போடுவார்கள் என்பதையும் அந்தப் புலவர் சொல்கிறாராம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பாத்தியா, சாப்பிட்டுட்டுப் போன்னுதான் பெரியவங்களும் சொல்லியிருக்காங்க. பசியோட வந்தாத்தான் பார்ப்பேன்னு எந்தச் சாமி சொல்லிச்சு? நான் புளிசோறு கட்டித் தரேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை சொன்ன பிறகு வீட்டுக்காரர் என்ன பேசுவார்? ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார்.

2024 மே மாதம் ஒரு திங்கட்கிழமை. அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, விடியும் வெளிச்சத்தில் ஏற ஆரம்பித்தோம். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தது. வியர்வையில் உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. எல்லாரும் சுடிதார், கேன்வாஸ் ஷூ. என்னுடையது மகனின் ஸ்கூல் ஷூ! அக்காவின் இடுப்புப் பையில் குளுக்கோஸ் பொட்டலம். முக்கால் மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து அவர் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டோம்.

போன வருஷம் திரும்பிய பாறை வந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்கா மட்டும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

கடப்பாறைப் படையில்தான் எனக்குச் சோதனை. ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாதி ஏறினேன். கீழே பார்த்துவிட்டேன். கை சங்கிலியை விட்டு வர மறுத்தது. பின்னால் வந்த அக்கா, "கீழ பார்க்காத. அடுத்த கம்பிய மட்டும் பாரு. நான் இருக்கேன்" என்றார். யாருக்கு யார் தைரியம் சொல்கிறார்கள் பாருங்கள்! ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து மேலே போய்விட்டேன். இப்போது ஏறுவதற்கு இரும்புப் படிகளும் இருக்கின்றன. பயப்படுகிறவர்கள் அதில் போவதே நல்லது.

ஒன்பது மணிக்குள் உச்சி. கீழே வயலும் ஏரியும் கோலம் போட்டது போலத் தெரிந்தன. காற்று குளுகுளுவென்று அடித்தது. நாங்களே கொண்டுபோன பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துக் கும்பிட்டோம். பிறகு அத்தையின் புளிசோற்றைப் பிரித்தோம். முதல் உருண்டையை அக்கா கையில்தான் வைத்தேன். வெயில் ஏறுவதற்குள் இறங்கத் தொடங்கி, மதியம் அடிவாரம் வந்துவிட்டோம்.

மலை ஏற ஆசைப்படும் சகோதரிகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். உடன் வருகிறவர்களிடம் மறைக்காதீர்கள். நீங்களும் மறக்காமல் கேளுங்கள். வெயிலுக்கு முன் ஏறி இறங்குங்கள். எந்த நேரத்தில் அனுமதி உண்டு என்று அங்கே விசாரித்துக்கொண்டு போங்கள். மழை மேகம் கண்டால் காட்டு ஓடையில் கால் வைக்காதீர்கள், வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. பிளாஸ்டிக் பாட்டிலையும் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லாரும் சேர்ந்தே இறங்குங்கள். மலை அங்கேயேதான் இருக்கும், அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அவ சாப்பிட்டாளா?" என்பதுதான். சாப்பிட்டார் அத்தை என்றேன். காலில் தேய்க்க நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார்.

- ஒரு வாசகி, போளூர்.