சாவி திருகினால் பல் பிளக்குமா?

"வைத்தியரய்யா, பல் டாக்டர் சொன்னபடிதான் சாவி போட்டுத் திருகினோம். ஒரே வாரத்துல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்திருச்சு. கழட்டிப் போட்டுட்டு உங்ககிட்டயே மருந்து வாங்கிக்கலாம்னு வந்தோம்."

திருமங்கலத்திலிருந்து 11 வயதுப் பையனோடு வந்த தாயாரின் புலம்பல் இது. "கழட்டவே கூடாதும்மா" என்றேன். எந்தக் குடிநீரும் சூரணமும் தாடையை அகலமாக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், நம்புங்கள்!

மேல் தாடை இரண்டு பாதியாக இருந்து, அண்ணத்தின் நடுவே தையல் போட்டதுபோல் சேர்ந்திருக்கிறது. வளரும் வயதில் அந்தத் தையல் இறுகியிருக்காது. தாடை குறுகி, மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாகக் கடிக்கிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தைத்தான் விரிக்கிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 14½ வயதுப் பெண்ணுக்குத் திருகாணி வைத்து இப்படி விரித்ததை 1860-லேயே எழுதினார். சக மருத்துவர்கள் நம்பவில்லை! 1961-இல் ஹாஸ் என்பவர் எழுதிய பிறகே அமெரிக்காவில் இது மறுபடி சூடு பிடித்தது.

வேக முறையில் ஒரு திருகுக்குக் கால் மில்லிமீட்டர். காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டு மூன்று வாரத்தில் வேலை முடியும். அப்போது தையல் திறப்பதால்தான் முன்பல்லில் சந்து விழுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் அதுவே மூடிக்கொள்ளும். மெதுவான முறையில் கம்பி வளைவோ திருகாணியோ வைத்து, வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் விரிப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். சந்து அவ்வளவாகத் தெரியாது.

எது உசத்தி? சில மாதம் கழித்துப் பார்த்தால் கிடைக்கும் அகலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பால்பல் வயதில் மெதுவான முறையே போதும். அந்த வயதில் பலமாக விரித்தால் மூக்கின் வடிவம்கூட மாறலாம். 12, 13 வயதில் தையல் இறுகத் தொடங்குவதால் பலமான வேக முறை தேவைப்படலாம். எதுவானாலும் விரித்த பிறகு புது எலும்பு ஊறும்வரை கருவி பல மாதம் வாயில் இருக்க வேண்டும். பாதியில் கழற்றினால் பழையபடி குறுகிவிடும்.

என் அக்கா மகளுக்கு, "வளர வளரச் சரியாயிடும்" என்று தள்ளிப்போடச் சொன்னவனே நான்தான். 19 வயதில் அறுவை சிகிச்சை செய்து விரிக்க வேண்டியதாயிற்று. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே, கடி தவறாக இருந்தால் 7, 8 வயதிலேயே பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுங்கள். மதுரையில் கீழவெளி வீதியிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கமர்கட், கடலைமிட்டாய்க்குக் கொஞ்ச நாள் லீவு. சாவியில் நூல் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளை விழுங்கிவிடக் கூடாது. திருகியதும் தினசரி காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். ஒருவேளை மறந்துவிட்டால் சேர்த்துத் திருகாமல் டாக்டரைக் கேளுங்கள். சாவி திரும்பாவிட்டாலோ வலி பொறுக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.