எடை இல்லாத உடல்

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. அந்த உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் உண்டு. ஆகவே ஈர்ப்பு இல்லாததால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று பள்ளியிலிருந்தே பலர் நம்பிவருவது சரியல்ல. நிலையமும் அதில் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் தரையைத் தொடுவதில்லை. விழுகிற உடலைத் தாங்க எதுவும் இல்லாததால் எடை தெரிவதில்லை. எடை போனதும், அதைச் சுமக்கவென்று வைத்திருந்த ஏற்பாடுகளை உடல் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்குகிறது.

முதலில் இடம் மாறுவது திரவம். கால்களில் தங்கியிருந்த ரத்தமும் நீரும் சுமார் 2 லிட்டர் அளவுக்கு மேலே ஏறிவிடுகின்றன. முகம் உப்புகிறது, மூக்கு அடைக்கிறது, கால்கள் மெலிகின்றன. நீர் மிகுந்துவிட்டது என்று கணக்கிடும் உடல், ரத்தத்தின் அளவையே குறைத்துக்கொள்கிறது. உள்காதின் சமநிலை உறுப்பும் குழம்புவதால் முதல் சில நாட்கள் பலருக்குக் குமட்டல் இருக்கும். 1961-ல் வோஸ்டாக்-2 கலத்தில் சென்ற கெர்மன் டிட்டோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். மாதக்கணக்கில் தங்குவோரில் சிலருக்குக் கண்விழியின் பின்புறம் தட்டையாகி, கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குகிறது. நடையே இல்லாததால் உள்ளங்காலின் தடித்த தோல் உரிந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளில் பாதத்தைக் கொக்கிபோல் மாட்டி நிற்பதால், மேல்பாதத்தில் தோல் காய்த்துப்போகும்.

எலும்புதான் பெரிய கவலை. உடற்பயிற்சியால் தடுக்காவிட்டால் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தியை இழக்கும். முதியவர்கள் ஓராண்டில் இழப்பதே ஏறக்குறைய இவ்வளவுதான். கரைந்த கால்சியம் சிறுநீரில் சேர்வதால் சிறுநீரகக் கல் வரும் அபாயமும் கூடுகிறது.

1970-ல் நிக்கோலாயெவ், செவஸ்தியானோவ் என்ற இரு சோவியத் வீரர்கள் குறுகலான சோயுஸ்-9 கலத்தில் 18 நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, துணையின்றி அவர்களால் நடக்க முடியவில்லை. அதன்பின் உடற்பயிற்சி கட்டாயமாயிற்று. பலன் கண்கூடு: 437 நாட்கள் மிர் நிலையத்தில் இருந்து 1995-ல் திரும்பிய மருத்துவர் வலேரி பொல்யாக்கோவ், இறங்கியதும் சில அடிகள் தாமே நடந்து காட்டினார். இன்றைய வீரர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். ஓடும் இயந்திரத்தில் மீள்பட்டைகள் அவர்களைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. இரும்புக் குண்டுக்கு அங்கே எடை இல்லை. அதனால் எடை தூக்கும் கருவியில் வெற்றிட உருளைகளே எதிர்விசை தருகின்றன.

கதிர்வீச்சுக்கு இந்தப் பயிற்சியால் பயனில்லை. செவ்வாய்க்குச் சென்ற கியூரியாசிட்டி கலம் வழியில் அளந்தது நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். பூமியில் இயற்கையாக ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது ஆண்டு முழுவதற்கும் 2.4 மட்டுமே. காந்தப்புலத்தின் பாதுகாப்பு ஓரளவு நிலையம் வரை எட்டுகிறது. செவ்வாய்ப் பாதையில் அதுவும் இல்லை.

இடமும் அங்கே சிக்கல்தான். நிலையத்தின் பயிற்சிக் கருவிகள் டன் கணக்கில் எடையுள்ளவை. நிலவுப் பயணத்துக்கான ஓரியன் கலத்துக்கு நாசா உருவாக்கியிருப்பது சுமார் 14 கிலோ எடையில், கைப்பெட்டி அளவிலான சுழல்சக்கரக் கருவி. சில நாள் பயணத்துக்கு அது போதும். செவ்வாய்க்குப் போக மட்டுமே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இறங்கும் இடத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட மீட்புக் குழுவும் இருக்காது.