சுவரின் சுபாவமும் பூச்சின் சுபாவமும்

வீட்டுக்கு வர்ணம் பூச நினைக்கும் குடும்பஸ்தர், கடையில் நிற அட்டையைப் புரட்டி, இளமஞ்சளா கிளிப்பச்சையா என்று மனைவி மக்களோடு விவாதிப்பதிலேயே பொழுதையெல்லாம் போக்கிவிட்டு, டப்பாவுக்குள் இருக்கும் வஸ்து என்னவென்று விசாரிக்காமலே பணத்தைக் கொடுத்துவிடுகிறார். நிறம் கண்ணுக்கு. ஆனால், நிறப்பொடியைச் சுவரோடு பிணைத்து நிறுத்தும் பசை எதுவோ, அதுவே பூச்சின் குணத்தையும் ஆயுளையும் நிர்ணயிக்கிறது.

எல்லாவற்றிலும் புராதனமானது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, வெண்மை எடுப்பதற்குச் சிறிது நீலமும், ஒட்டுவதற்குச் சிறிது வஜ்ஜிரமும் கலந்து, தரையிலும் தலையிலும் சிந்தியது போக மிச்சத்தைச் சுவரில் மட்டையால் அடிக்கிறார்களே, அந்த வெள்ளை, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்லக் கிரகித்து, எந்தக் கல்லைச் சுட்டு அதை உண்டாக்கினார்களோ அந்தச் சுண்ணாம்புக் கல்லாகவே மறுபடியும் இறுகிவிடுகிறது. சாய்ந்தால் முதுகில் ஒட்டும் என்பதும், அடிக்கடி அடிக்க வேண்டும் என்பதும் வாஸ்தவந்தான். ஆயினும் சுவருக்குள் இருக்கும் ஈரம் தடையின்றி வெளியேற அது இடங்கொடுக்கிறது.

சீமைச் சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்த டிஸ்டெம்பர் மலிவானது. அழுத்தித் துடைத்தால் துணியோடு வந்துவிடும்.

இன்று பெரும்பாலோர் நாடும் எமல்ஷனில், அக்ரிலிக் போன்ற செயற்கைப் பிசினின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய சவ்வாகப் படிந்துவிடுவதால், குழந்தைகளின் கைக்கறையை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். பழைய சுண்ணாம்பையும் டிஸ்டெம்பரையும் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே அதைப் பூச வேண்டும். கதவுக்கும் கம்பிக்கும் உரிய எனாமலோ டர்பென்டைனில் இளகுவது. பிராணவாயுவை ஏற்று இறுகி, கெட்டியாகப் பளபளப்பது. புதிய சிமெண்டுச் சுவரில் அதைப் பூசினால், சிமெண்டின் காரம் அதிலுள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்!

பாட்டனார் காலத்துக் காரைச் சுவர், அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவராக இருந்து, அதன்மேல் எமல்ஷனையோ எனாமலையோ பூசிவிட்டால், போக்கிடமற்ற ஈரம் பூச்சைக் கொப்பளிக்கச் செய்து உரித்தெறிகிறது. அப்போது வர்ணத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. அத்தகைய வீட்டுக்கு, விலை குறைந்ததாயினும், சுண்ணாம்பே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய எண்ணெய் வர்ணங்களில் காரீயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சாகிய அது, வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் போகலாகாது என்று 2016-இல் நம் நாட்டில் விதி செய்து, 2017 நவம்பரிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே, அதற்கு முற்பட்ட ஜன்னல்களையும் கதவுகளையும் தேய்க்க நேர்ந்தால், தூள் பறக்காதபடி நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து தரையைக் கழுவும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.